சனிக்கிழமைக்குச் சத்தியம் இல்லை

எங்கள் மேட்டில் பிள்ளை கல் புகைக்க ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்தால், பெற்றவள் முதலில் போய் நிற்கிற இடம் கோவில் இல்லை, எர்லிந்தாவின் அடுப்படி. கல் என்று நாங்கள் சொல்வது புகைக்கிற கொக்கைன் கட்டியை. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

மெக்சிகோ நகரத்து இஸ்தபலாப்பா மலைச்சரிவில், தண்ணீர் லாரி மூச்சு வாங்கித் திரும்புகிற வளைவில், நீல பெயின்ட் அடித்த தகர மேசை போட்டிருப்பாள். கரியடுப்பு, அதன்மேல் அகலமான இரும்புத் தட்டு. நீலச் சோள மாவுக்குள் அவரை மசியலை வைத்து நீளவாக்கில் தட்டிச் சுடுவாள். த்லகோயோ என்பார்கள். மேலே கள்ளிக்கீரையும் வெங்காயமும் பச்சைச் சட்னியும் வைத்துக் கொடுத்தால், காலையில் சாப்பிட்டவனுக்கு மாலை வரை பசிக்காது. ஆனால் அவள் கடைக்கு வருகிற பெண்கள் பாதிப் பேர் சாப்பிட வருகிறவர்கள் இல்லை. "எர்லிந்தாக்கா, எங்க கொண்டுபோய்ப் போடலாம்?" என்று கேட்க வருகிறவர்கள்.

ஏனென்றால் அவள் எல்லா இடத்தையும் பார்த்தவள். ஒரே பிள்ளை தோரிபியோ. அப்பன் வடக்கே எல்லை தாண்டிப் போனவன் போனவன்தான். பையன் பதினேழில் கல்லைத் தொட்டான். அன்றிலிருந்து அவள் அவனை இழுத்துக்கொண்டு ஏறாத படி இல்லை. அதனால் மாவைத் தட்டிக்கொண்டே, சந்தையில் தக்காளியை எடுத்துப் பார்த்துச் சொல்வது போல ஒவ்வொரு இடத்தையும் பற்றிச் சொல்வாள். அரசாங்க கிளினிக்கில் டாக்டரம்மா தங்கமான மனுஷி, ஆனால் மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பாள், மாதத்தின் மிச்ச நாட்களைப் பையன் என்ன செய்வான்? அல்லேலூயா சபையின் வீட்டில் கை நீட்ட மாட்டார்கள், பாட்டு பிரமாதம், வெளியே வந்தால் பாட்டு நின்றுபோகும். குயெர்னவாக்காவில் காசு வாங்குகிற இடத்தில் நீச்சல் குளம்கூட உண்டு, தோரிபியோ அங்கிருந்து நன்றாக வெயிலில் கறுத்து வந்ததுதான் மிச்சம்.

கடைசியாக அனெக்ஸோ, போதைக்காரர்களை அடைத்து வைத்துத் திருத்துகிற வீடு. தாய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கு தடியன்கள் வேனில் வந்து பையனைப் பாயோடு தூக்கிப் போவார்கள். உள்ளே போனால் கதவு பூட்டுத்தான். நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவன் பின் ஒருவனாக மேடையேறித் தான் செய்த அயோக்கியத்தனத்தையெல்லாம் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர்கள் கத்துவார்கள். சந்தையில் விழுந்து கிடக்கும் காய்கறியைக் கொதிக்க வைத்து ஊற்றுகிற தண்ணீருக்குக் கரடிச் சாறு என்று உள்ளே இருப்பவர்களே பேர் வைத்திருந்தார்கள். எங்கள் மேட்டில் எந்தத் தாயும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவாள். எர்லிந்தா தாழ்த்த மாட்டாள்.

"கொடுமைதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா தாங்குது பாரு. கிளினிக்குக்குப் போனவன் பத்து நாள் தாங்கல. அனெக்ஸோவுல இருந்து ஈஸ்டருக்கு வந்தவன் கல்லறைத் திருநாள் வரைக்கும் தாங்கினான்" என்பாள்.

எந்த இடம் எத்தனை திருநாள் தாங்கும் என்பதுதான் அவள் கணக்கு. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், பாவம். பிள்ளை மறுபடி மறுபடி விழுந்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. நாலு பேர் தன்னிடம் வந்து கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அந்த மரியாதைக்கு வேட்டு வைத்தவன் நாசாரியோ.

நாசாரியோ பக்கத்து வீட்டு ஒப்தூலியாவின் மகன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானம்மா எர்லிந்தா, அந்த உறவில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பையன்கள் இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள், மேட்டடியில் பங்ச்சர் கடை மூலையில் ஒன்றாகவே புகைக்கக் கற்றார்கள். அந்தக் காலத்தில் கொமாத்ரேகளுக்குள் ஒரு வேற்றுமையும் கிடையாது. இவள் அழுதால் அவள் காப்பி போட்டுக் கொடுப்பாள், அவள் அழுதால் இவள் போட்டுக் கொடுப்பாள். இரண்டு பிள்ளைகளும் சமமாகக் கெட்டிருந்தவரை நட்புக்குக் குறைவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நாசாரியோ யாரிடமும் சொல்லாமல் பூசைக்குப் போனான். பூசை முடிந்ததும் சாமியார் முன் முழந்தாளிட்டு, குவாதலூப்பே மாதாவின் படத்துக்கு நேரே கையை உயர்த்தி, ஒரு வருஷத்துக்குக் கல்லும் தொடேன், குடியும் தொடேன் என்று சத்தியம் செய்தான். சாமியார் மாதா படம் போட்ட அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு போடச் சொன்னான். அவ்வளவுதான் வைத்தியம்.

எர்லிந்தா சிரித்தாள். எங்கள் பக்கம் சத்தியம் செய்யாத ஆண்பிள்ளை யார்? பண்டிகைக்கு முன்னால் செய்வான், பண்டிகைக்குள் மறப்பான். "பாப்போம், இந்த மாசம் தாண்டட்டும்" என்றாள். மாசம் தாண்டியது. "பெரிய வாரம் வரட்டும்" என்றாள். ஈஸ்டருக்கு முந்தின அந்த வாரத்தில் அவன் சிலுவை சுமந்து மலையேறினான், தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. அதே வாரத்தில்தான் தோரிபியோ ஒரு கழிவறைத் தரையில் கிடந்தான், அனெக்ஸோ வேன் மறுபடி வந்தது.

அதன் பிறகு அவளுக்கு ஒப்தூலியாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லவில்லை, உள்ளுக்குள் வெந்தாள். நான் எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றேன், இவள் எதற்கு நின்றாள்? என் பிள்ளைக்காக நான் வாஷிங் மெஷினை விற்றேன், இவள் ஒரு மெழுகுவர்த்தியைக்கூடப் பெரிதாக ஏற்றவில்லை. எனக்குக் கொடுக்காததை மாதா இவளுக்கு எதற்குக் கொடுத்தாள்? மாவு தட்டும்போது கையில் அந்தக் கேள்விதான் ஓடும், த்லகோயோக்கள் ஒரு பக்கம் தடித்து வரும்.

வாடிக்கைக்காரப் பெண்களும் மாறினார்கள். அவளிடம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வாசலில் போய் ஒப்தூலியாவிடம் எந்தச் சாமியார், எந்தப் பூசை என்று விசாரித்தார்கள். ஒப்தூலியா அப்பாவி. "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவனாத்தான் போனான், கொமாத்ரேயைக் கேளுங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று இவள் பக்கமே கையைக் காட்டுவாள். அதுதான் எர்லிந்தாவுக்கு இன்னும் எரியும். திமிராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

ஆகவே வேறு வழியில் பேச ஆரம்பித்தாள். நாசாரியோ உண்மையில் பெரிய அடிமையே இல்லையாம். சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு இழுப்பு, அவ்வளவுதானாம். தன் பிள்ளைதான் நிஜமாகவே மூழ்கினவனாம். இப்படி எந்தத் தாயாவது வாதாடிக் கேட்டிருக்கிறீர்களா? என் பிள்ளைக்குத்தான் நோய் பெரிது, அவள் பிள்ளைக்கு என்ன வந்தது, வெறும் தும்மல் என்று? எங்கள் மேட்டில் கேட்டோம். வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் வாய் எதைச் சொல்கிறது என்று காதுக்குத் தெரிவதில்லை போலிருக்கிறது.

வருஷம் ஓடியது. தோரிபியோ அனெக்ஸோவிலிருந்து வெளியே வந்தான். இளைத்து, மொட்டைத் தலையோடு, யாராவது சத்தமாகப் பேசினால் திடுக்கிடுகிறவனாக வந்தான். ஆனால் தெளிவாக இருந்தான். அம்மாவுக்கு மாவு பிசைந்து கொடுத்தான், தண்ணீர் தூக்கினான், மேட்டடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை நிற்பான் என்று எர்லிந்தாவுக்குத் தோன்றியது. அதோடு கூடவே இன்னொன்றும் தோன்றியது: இவன் நிற்க வேண்டும், அவன் விழ வேண்டும். அப்போதுதான் தன் கணக்கே சரி என்று மேடு ஒப்புக்கொள்ளும். அந்த ஆசையை அவள் மாதாவிடம் கேட்கவில்லை, அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. ஆனால் மனசு அதைச் சுமந்துகொண்டுதான் இருந்தது.

நாசாரியோவின் சத்தியம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சாமியார் இதற்குள் சத்தியம் வாங்குவதை ஞாயிறு பூசைக்குப் பிறகு மட்டும் என்று ஆக்கியிருந்தார். முந்தின ஞாயிறே புதுப்பித்திருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பெண்கள் கேட்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சத்தியத்தின் மேல் இன்னொரு சத்தியத்தை வைத்தால் இரண்டும் கெட்டுப்போகும், மாதாவை நம்பாதது போல ஆகும் என்பது எங்கள் மேட்டின் நம்பிக்கை. யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. ஆக நடுவில் ஒரு சனிக்கிழமை கிடந்தது. அந்த நாளில் அவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை.

இந்த மாதிரி நாளுக்கு ஆண்கள் பெரிய லீவு என்று பேர் வைத்திருக்கிறார்கள். சத்தியம் முடிந்தவன் அன்று ஆசை தீரக் குடிப்பான், புகைப்பான், மறுநாள் தலைவலியோடு போய்ப் புதுச் சத்தியம் செய்வான். பாவம் இல்லை, ஏனென்றால் சத்தியம் இல்லை. அப்படிப் புகைத்துவிட்டு மறுநாள் பூசைக்குப் போய்ச் சேராதவர்கள்தான் அதிகம். பங்ச்சர் கடை மூலையில் நாசாரியோவுக்காக ஒரு வாரமாகவே கூட்டாளிகள் காத்திருந்தார்கள். வரவேற்புக்கு எல்லாம் தயார் என்று மேலே சொல்லியும் அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒப்தூலியா எர்லிந்தாவின் மேசைக்கு வந்து நின்றாள். அவள் வேலை செய்கிற பணக்கார வீட்டில் சனிக்கிழமை கல்யாண விருந்து, வரவில்லையென்றால் வேலை போய்விடும். ஏப்ரன் முனையைத் திருகிக்கொண்டு பேசினாள்.

"கொமாத்ரே, அந்த ஒரு நாள் அவனை உங்ககூட வெச்சுக்கங்க. நீங்க சொன்னா கேப்பான். பங்ச்சர் கடைப் பக்கம் மட்டும் விட்டுடாதீங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

"விடுங்க கொமாத்ரே, நான் பாத்துக்க மாட்டேனா" என்றாள் எர்லிந்தா. சொல்லும்போது மனசாரத்தான் சொன்னாள். அதை நான் நம்புகிறேன்.

சனிக்கிழமை காலையிலேயே நாசாரியோ வந்துவிட்டான். குளித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டையில் வந்தான். முகத்தில் சதை பிடித்திருந்தது, கன்னம் பளபளவென்று இருந்தது. தோரிபியோவும் அவனும் மேசைக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து பழைய பள்ளிக்கூட வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோரிபியோ சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. நாசாரியோவின் கை வெங்காயம் நறுக்கும்போது நடுங்காததையும், தன் பிள்ளையின் கை தண்ணீர்க் குவளையைப் பிடிக்கும்போது நடுங்குவதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லாம் நாசாரியோவிடம்தான் பேசினார்கள். வருஷம் முடிந்ததா, அட்டையைக் காட்டு என்றார்கள். அவன் கூச்சத்தோடு பர்ஸை எடுத்தான். சுண்ணாம்புக் கிடங்குக்காரன் மனைவி லியோகாதியா அட்டையை வாங்கி முத்தமிட்டாள். ஒரு காலத்தில் இதே லியோகாதியா தன் தம்பிக்காக எர்லிந்தாவிடம் யோசனை கேட்டு, அனெக்ஸோ வேனை அவள் மூலமாகத்தான் வரவழைத்தாள். இப்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோரிபியோவின் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"இவனையும் மாதாகிட்டயே விட்டிருக்கலாம்ல எர்லிந்தா. சும்மா அந்த வீடு இந்த வீடுன்னு அலைக்கழிச்சு, பிள்ளையை நீங்களே பாதி கொன்னுட்டீங்க" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவளுக்கு வாய் அப்படி. பிறகு இன்னொரு த்லகோயோ கேட்டு, சட்னி கூடப் போடச் சொன்னாள்.

தோரிபியோ தலையைக் குனிந்துகொண்டான். நாசாரியோ அவன் தோளில் கை போட்டு, விடுடா என்பது போல ஒரு தட்டுத் தட்டினான். அந்தத் தட்டலை எர்லிந்தா பார்த்தாள். என் பிள்ளையைத் தேற்ற இவன் யார்? என் வளைவில், என் அடுப்புக்கு முன்னால், என் மாவைத் தின்றுகொண்டு என் பிள்ளைக்கு இரக்கம் காட்டுகிறானா? லியோகாதியா போகும்வரை பொறுத்தாள். பிறகு அடுப்பைக் கிளறினாள்.

"நாசா, கரி தீரப்போவுது. போயி ஒரு மூட்டை வாங்கிட்டு வா."

கரிக்கடை பங்ச்சர் கடைக்கு ஒட்டின கடை. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். அவள் தட்டில் இருந்ததைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

தோரிபியோ எழுந்தான். "நான் போறேம்மா."

"நீ உக்காரு. அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை" என்றாள் படக்கென்று. தன் பிள்ளையை எங்கே விடக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

"சரி ஞானம்மா" என்று சொல்லிவிட்டு நாசாரியோ கிளம்பினான்.

அவன் வளைவைத் தாண்டியதும் அவளுக்குப் பயம் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. வந்தது நிம்மதி. ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவன் இறங்கிப் போன மாதிரி இருந்தது. வந்த ஆட்களுக்குச் சிரித்துச் சிரித்துப் பரிமாறினாள், ஒரு கிழவருக்குக் காசு வாங்காமல்கூடக் கொடுத்தாள். நான் என்ன விஷமா வைத்தேன், கரிதானே வாங்கச் சொன்னேன் என்று தனக்குத்தானே பதில் தயார் செய்துகொண்டாள். மாதாவின் பிள்ளையாயிற்றே, மாதா பார்த்துக்கொள்ளட்டும். அட்டை அவ்வளவு பெரிய அட்டை என்றால் ஒரு மூட்டைக் கரியைத் தாங்காதா?

நேரம் போனது. போய்த் திரும்ப ஒரு சாப்பாட்டு நேரம்கூட ஆகாத கடை அது. அடுப்பில் கரி நிஜமாகவே அடங்க ஆரம்பித்தது. தோரிபியோ இருப்புக் கொள்ளாமல் வளைவுக்கும் மேசைக்குமாக நடந்தான்.

"இன்னும் காணோம்மா. ஏன் அவனை அங்க அனுப்பினீங்க?"

"வருவான். கூட்டமா இருக்கும்."

"கரிக்கடையில என்னம்மா கூட்டம்?"

அவள் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி. அந்த வாரம் முழுக்க வராத லாரி. எங்கள் மேட்டில் லாரி வந்தால் சவத்தைக்கூட அப்படியே விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குவார்கள். எர்லிந்தா இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினாள், இடித்தாள், இடி வாங்கினாள், ஒருத்தியோடு சண்டை போட்டாள், டிரம் நிறையக் குழாய் பிடித்தாள். நனைந்த பாவாடையோடு திரும்பி வந்தபோது மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. பிசைந்த மாவின் மேல் ஈரத்துணி மூடியிருந்தது. தோரிபியோவின் ஸ்வெட்டர் பெட்டிமேல் கிடந்தது.

எதிர்வீட்டுப் பெண் சொன்னாள், நாசாரியோவைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கிப் போனானாம்.

எர்லிந்தா வாளியை வைத்தாள். கால் கீழே இறங்குகிற பக்கம் திரும்பியது. அப்போதுதான் மேலே, மலை உச்சிப் பக்கத்துப் பாதையிலிருந்து, தோளில் கரி மூட்டையோடு ஒருவன் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு. நாசாரியோ.

மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். "மன்னிச்சிடுங்க ஞானம்மா, லேட்டாயிருச்சு. அந்த மூலை வழியாப் போக எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னைக்கு என்னை நானே நம்ப முடியல. அதான் உச்சியைச் சுத்தி அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனேன்" என்றான். பிறகு சுற்றிப் பார்த்தான். "தோரி எங்க?"

அவள் கண் மேட்டடிப் பக்கம் போனது. அவள் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் போயிக் கூட்டிட்டு வர்றேன்" என்று திரும்பினான்.

போடா, சீக்கிரம் போடா என்று கத்த அவள் நாக்கு தயாராக இருந்தது. கையோ அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. ஏன் பிடித்தாள் என்று பிற்பாடு எத்தனை தரம் யோசித்தாலும் ஒரே பதில் வரவில்லை. கொமாத்ரேயிடம் கொடுத்த வாக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது என்பது ஒன்று. இன்னொன்றையும் மறைக்க முடியாது. இவன் போய் அவனை மீட்டு வந்துவிட்டால்? எர்லிந்தாவின் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான் நாசாரியோ என்று மேடு பேசுமே. அந்த நேரத்திலும், பிள்ளை நெருப்பில் நிற்கிற நேரத்திலும், அவளுக்கு அது உறுத்தியது.

"நீ எங்கயும் போக வேணாம். உங்கம்மா வர்ற வரைக்கும் இங்கயே உக்காரு" என்றாள்.

அவனைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் புருஷனை அனுப்பினாள், மூலையில் தோரிபியோ இல்லை என்று அவன் திரும்பி வந்து சொன்னான். உண்மையில் அவன் பாதிவழியோடு திரும்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கூட்டத்தைக் கண்டால் எங்கள் ஆண்பிள்ளைகளுக்கும் பயம். அவள் புதுக் கரியைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள், யாருக்கு என்று தெரியாமல் சுட்டு அடுக்கினாள். நாசாரியோ மாவை உருட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

வெயில் சாயும்போது ஒப்தூலியா வந்தாள். கல்யாண வீட்டில் கொடுத்த கேக் பொட்டலம் கையில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடியே வந்திருக்கிறாள், நெஞ்சு ஏறி இறங்கியது. கரி படிந்த சட்டையில் மாவு உருட்டிக்கொண்டிருந்த மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். கிட்டே போய் அவன் கண்ணைப் பார்த்தாள், வாயை முகர்ந்தாள், கன்னத்தைத் தடவினாள். பிறகு எர்லிந்தாவின் கையை எடுத்து, மாவோடு, முத்தமிட்டாள்.

"உங்களாலதான் கொமாத்ரே. இந்தக் கடனை நான் எப்படித் தீர்க்கப்போறேன்."

எர்லிந்தாவுக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"தோரி எங்க?" என்று கேட்டாள் ஒப்தூலியா. பெட்டிமேல் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மேட்டுத் தாய்மார்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஏன், எப்படி என்று அவள் கேட்கவே இல்லை. கேக் பொட்டலத்தை மகன் கையில் கொடுத்து, அடுப்பைப் பார்த்துக்கொள், இந்த இடத்தை விட்டு அசையாதே என்று சொன்னாள். "வாங்க கொமாத்ரே, ரெண்டு பேருமாப் போவோம். இன்னும் நேரமாகல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது ஒப்தூலியாதான் பேசிக்கொண்டு வந்தாள். ஒருமுறை விழுந்தால் என்ன, மறுபடி எழுப்புவோம், நாளைக்கு இரண்டு பேரையும் ஒன்றாகவே பூசைக்குக் கூட்டிப் போவோம் என்றாள். எர்லிந்தா ஊம் கொட்டினாள். இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிள்ளையும் இவளுக்கே நல்லவனாக வாய்க்க வேண்டும், மனசும் இவளுக்கே நல்லதாக வாய்க்க வேண்டுமா? அந்தக் கையை உதற நினைத்தாள், உதறினால் விழுந்துவிடுவோம் என்று பயந்து பிடித்துக்கொண்டே நடந்தாள்.

பங்ச்சர் கடை மூடியிருந்தது. கரிக்கடைச் சுவருக்கும் பழைய டயர் குவியலுக்கும் நடுவில் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். பெண்கள் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒரு டயரில் சாய்ந்து, ஸ்வெட்டர் இல்லாமல், மொட்டைத் தலை வேர்த்துக் கொட்ட, தோரிபியோ உட்கார்ந்திருந்தான். கண் அகலத் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. தாடை மட்டும் மென்றுகொண்டே இருந்தது. ஒப்தூலியா குனிந்து கன்னத்தைத் தட்டினாள். அவன் அவளைத் தாண்டி அம்மாவைப் பார்த்தான், பார்த்து அடையாளம் கண்டுகொண்டான்.

"நாசாவைத் தேடித்தாம்மா வந்தேன்" என்றான். நாக்கு குழறினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியே தீர வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நீங்க கரி வாங்க அவனை இங்க அனுப்பினீங்கல்ல? அவன் வரவே இல்ல. இவனுங்க உள்ள ஒளிச்சு வெச்சிருப்பானுங்கன்னு உக்காந்து பாத்தேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஒண்ணே ஒண்ணு."

ஒப்தூலியா நிமிர்ந்தாள். கரிக்கடைக் கதவைப் பார்த்தாள், டயர்களைப் பார்த்தாள், பிறகு எர்லிந்தாவைப் பார்த்தாள். திட்டுவாள், முடியைப் பிடிப்பாள், நான்கு பேர் கூடுவார்கள் என்று எர்லிந்தா காத்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட?" என்றாள் ஒப்தூலியா மெல்ல.

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அதைத் தோரிபியோவின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை மேட்டில் ஏற்றினார்கள். அவன் கால் ஒன்றுக்கொன்று பின்னிக்கொண்டு வந்தது, பாதி வழியில் அழுதான், பிறகு சிரித்தான். வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எர்லிந்தா யாரையும் பார்க்கவில்லை. மேலே வளைவில் ஒப்தூலியாவின் பிள்ளை சொன்ன இடத்திலிருந்து அசையாமல், தெளிந்த கண்ணோடு, அம்மாவுக்காகக் காத்து நிற்பான் என்ற நினைப்புத்தான் ஏறுகிற வழி முழுக்க அவளை அரித்தது.